கொப்புளமா? ஷூ கடித்ததா, அக்கியா... எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முழுக்க சேஃப்டி ஷூவுடன் நிற்பவர்களுக்குக் குதிகாலில் கொப்புளம் வருவது சகஜம். உராய்வால் மேல்தோல் பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. உடைக்காதீங்க, கிருமி உள்ளே போகாமல் காப்பதே அந்தத் தோல்தான். சில நாட்களில் தானாக வற்றிவிடும்.

ஆனால் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, எரிச்சலோடு கிளம்பினால்? அது அக்கியாக இருக்கலாம். எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி தலைதூக்குவதுதான் அக்கி.

குயவரிடம் போய்க் காவி பூசி ‘அக்கி எழுதுவது’ நம் ஊர்ப் பழைய வழக்கம். காவி குளிர்ச்சி தரலாம், வைரஸை ஒழிக்காது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டர் சொல்லும் ‘அசைக்ளோவிர்’ போன்ற மாத்திரையைத் தொடங்கினால் சீக்கிரம் ஆறும். ஆறிய பிறகும் சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்:

* கண், மூக்கு அருகே கொப்புளம் வந்தவர்கள்
* சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு உள்ளவர்கள்
* சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள்
* புது மாத்திரை சாப்பிட்டபின் வாயிலும் உடம்பிலும் கொப்புளம் வந்தவர்கள் (நேராக எமர்ஜென்சிக்கே போகணும்)

சந்தேகமா? 104-க்கு போன் போட்டுக் கேளுங்க.