சீழ்க்கைக்கும் பண் உண்டு

1984-இல் வந்த ‘தம்பிக்கு எந்த ஊரு’ படத்தின் ‘காதலின் தீபம் ஒன்று’ பாட்டைக் கேட்டிராத தமிழர் குறைவு. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல், பஞ்சு அருணாசலத்தின் வரிகள், சாருகேசி ராகம். அந்த மெட்டு பிறந்த கதையை இளையராஜாவே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பாடக் கூடாது என்பது மருத்துவர்களின் கட்டளை. படத்துக்கோ பாட்டு உடனே வேண்டும். உதட்டைக் குவித்து, விசிலிலேயே மெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இதை ஒரு சுவையான துணுக்காகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது. சாருகேசி எளிய ராகம் அல்ல. பஞ்சமம் வரை சங்கராபரணத்தின் வழியிலேயே வந்துவிட்டு, அதற்கு மேல் சுத்த தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் இறங்கும் ராகம். அந்தத் தைவதம் இம்மியளவு ஏறினாலும் அதன் ஏக்கம் போய்விடும். அவ்வளவு நுணுக்கமான ஒன்றை, வேறு எந்தக் கருவியும் இல்லாமல், இரண்டு உதடுகள் சுமந்து போய்ப் பாடலாசிரியரிடம் சேர்த்திருக்கின்றன. வழக்கமாக இசையமைப்பாளர் ‘தானன தன்னன’ என்று பாடிக் காட்டும்போது, அந்த வல்லின மெல்லினங்களே எந்தச் சொல் வரவேண்டும் என்பதை ஓரளவு முடிவு செய்துவிடும். விசிலில் மெய்யெழுத்தே கிடையாது. ஏற்ற இறக்கமும் கால அளவும் மட்டும்தான் கவிஞருக்குக் கிடைக்கும். அந்தப் பாட்டின் வரிகள் அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட ஒரு திறமையை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? திரையரங்கின் முன்வரிசையில், கிரிக்கெட் மைதானத்தில், திருவிழாக் கூட்டத்தில். சேப்பாக்கத்தில் அது கொண்டாட்டம், சரிதான். ஆனால் அதற்கு மேல் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. “வெளக்கு வெச்ச நேரத்துல என்னடா விசிலு, பாம்பு வந்து நிக்கும்!” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கலைக்குக் கிடைக்கும் முதல் விமர்சனம்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேல்நாடு. இந்த மலையின் பெயரிலேயே ஒரு பண் இருக்கிறது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் கொல்லிப் பண்ணில் பதிகம் பாடியிருக்கிறார்கள். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். இசைக்கும் இந்த மலைக்கும் அதைவிடப் பழைய உறவும் உண்டு. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் காட்டில் சந்தித்த வன்பரணர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் தம் கூட்டத்தாரைப் பாடச் சொல்கிறார். அங்கே முழவு வருகிறது, யாழ் வருகிறது, யானைத் துதிக்கை போன்ற தூம்பு வருகிறது, எல்லரி, ஆகுளி, பதலை எல்லாம் வரிசையாக வருகின்றன. ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துக்கொண்டு போன கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் சேரும் முன்பே கேட்டுவிடுவார்கள். அதே பாட்டில் ஒரு முழு இசைக்குழு இருப்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் பட்டியலில் சீழ்க்கை இல்லை. ஆனால் சங்கப் பாடல்களில் அது இல்லாமல் இல்லை. வேறு இடத்தில், வேறு ஆட்களின் வாயில் இருக்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனம் காக்கும் கானவர்கள், மனைவி ஊற்றிக் கொடுத்த தேன் கள்ளைக் குடித்துவிட்டுக் காவலை மறந்து கிடக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து யானை புகுந்து தினையை மேய்ந்துவிடுகிறது. விழித்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. வில்லில் நாண் ஏற்றி அம்பு விடுகிறார்கள், தட்டையைப் புடைக்கிறார்கள், வாயை மடித்துச் சீழ்க்கை அடிக்கிறார்கள். காடே அதிர்கிறது. யானை கார்கால இடியைப் போலப் பிளிறிக்கொண்டு எதிரே வருகிறது. யானைக்கு எதிராக மனிதன் கையில் எடுத்த ஆயுதங்களில் ஒன்றாகச் சீழ்க்கை அங்கே நிற்கிறது. கொல்லி போன்ற மலைச்சரிவில் நின்று அந்த வரிகளைப் படித்தால் அந்தக் கலவரம் காதில் கேட்கும்.

இடைக்காடனார் காட்டுவது இதற்கு நேர்மாறான ஓர் இரவு. அகநானூறு 274. மழை விட்டும் விடாத முல்லைக் காடு. ஓர் இடையன் கோலை ஊன்றி அதன்மேல் சாய்ந்து தனியாக நிற்கிறான். அவன் விடும் சீழ்க்கை இருட்டைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகிறது. துள்ளும் ஆட்டுக்குட்டியின் மேல் கண் வைத்திருந்த குறுநரி அந்த ஒலியில் வெருண்டு முட்புதருக்குள் ஓடுகிறது. அவன் அந்த நரியைப் பார்க்கவே இல்லை என்பதுதான் இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது. பட்டிக்கு நடுவே நிற்கிறவன் விட்ட ஒலி, அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அவன் வேலையைச் செய்துவிட்டு வருகிறது. ஒலியைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதிய கவிஞர் நிச்சயம் நின்று கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு பாட்டிலும் ஒன்றைக் கவனிக்கலாம். சீழ்க்கையைக் கேட்பவை விலங்குகள். யானையும் நரியும் ஆடும்தான் அதன் சபை. யாழையும் குழலையும் மனிதர்கள் கேட்டார்கள். அதனால் அவற்றுக்குப் பாணர் உண்டு, இலக்கணம் உண்டு, பரிசில் உண்டு. சீழ்க்கை வேலைக்கான ஒலியாகவே நின்றுவிட்டது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து பாலைப் பண் வாசிக்கிறான். அது சலித்ததும் குமிழ மரக்கொம்பில் மரல் நாரைக் கட்டி வில் போல ஒரு யாழ் செய்து குறிஞ்சிப் பண் எழுப்புகிறான். அவ்வளவு இசை தெரிந்தவன் குழல் கைக்கு வரும் முன் சும்மா இருந்திருப்பானா? உதட்டில்தான் தொடங்கியிருப்பான் என்று நான் நம்புகிறேன். வண்டு துளைத்த மூங்கிலில் கோடைக் காற்று புகுந்து குழலோசை எழுப்புவதை அகநானூறு 82-இல் கபிலர் பாடியிருக்கிறார். துளையும் காற்றும் போதும் என்று தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

அந்த வேலை ஒலி எங்கள் பக்கத்தில் இன்னும் முழுதாக அற்றுப்போகவில்லை. மாடு தொட்டியில் வாய் வைத்ததும் பக்கத்தில் நிற்பவர் மெல்லச் சீட்டி அடிப்பார். நீளமாகத் தொடங்கி, சற்றே இறங்கி, மறுபடி நீளும் ஒரே ஒலியை நிதானமாகத் திரும்பத் திரும்ப விடுவார். மாடு தலையைத் தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். யானையை விரட்டிய சீழ்க்கை வாயையும் நாக்கையும் மடித்து, சிலசமயம் விரலும் வைத்து அடிப்பது. காதைப் பிளக்கும், ஆனால் அதில் ராகம் பாடுவது கடினம். மாட்டைக் குடிக்கவைக்கும் சீட்டி உதட்டைக் குவித்து விடுவது. இளையராஜா சாருகேசி போட்டது இந்த இரண்டாவது வகையில்தான்.

உதட்டுச் சீட்டியில் தொண்டைக்கு வேலையே இல்லை. குரல்நாண்கள் அதிர்வதில்லை. உதட்டிடுக்கில் வெளியேறும் காற்றும், அதற்குப் பின்னால் இருக்கும் வாயின் உட்குழிவும் சேர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. சுருதியை முடிவு செய்வது பெரும்பாலும் நாக்கு. ‘ஊ’ சொல்லும் நிலையில் நாக்கைப் பின்னுக்கு வைத்தால் குழிவு பெரிதாகி ஒலி தாழும். ‘ஈ’ சொல்வதுபோல முன்னுக்குக் கொண்டுவந்தால் ஒலி ஏறும். சுமார் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இதில் எட்டலாம். ஒரு கட்டை சுருதியின் சட்ஜம் 261 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதை நினைத்தால், பாடகர் நிற்கும் இடத்துக்கு ஓர் எட்டு மேலேதான் சீட்டியே தொடங்குகிறது என்பது புரியும். அங்கிருந்து இரண்டரை, மூன்று ஸ்தாயி இடம் இருக்கிறது. மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை போகும் கீர்த்தனைக்கு இது தாராளம். துளையும் கட்டையும் இல்லாததால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது அதற்கு இயல்பு. கமகமே உயிரான நம் சங்கீதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சாகித்யத்தின் சொற்கள் இதில் வராது. குழலுக்கும் வயலினுக்கும் உள்ள அதே குறைதான். உதடு உலர்ந்தால் ஒலி உடையும். சிரித்தால் அடியோடு நின்றுவிடும். மிருதங்கத்துக்குப் பக்கத்தில் மைக் இல்லாமல் எடுபடாது. மூச்சு இன்னொரு சிக்கல். தேர்ந்தவர்கள் காற்றை உள்ளே இழுக்கும்போதும் ஒலி எழுப்பக் கற்று அதைத் தாண்டுகிறார்கள். கே. சிவபிரசாத் பக்கவாத்தியங்களோடு மேடையில் அமர்ந்து விசிலிலேயே கர்நாடகக் கச்சேரி செய்தவர். பாடாந்தரம் இருந்தால் உதடும் கச்சேரிக்கு நிற்கும் என்பதற்கு அவரே சாட்சி.

சினிமா இதன் அருமையை முன்பே உணர்ந்திருந்தது. 1961-இல் ‘பாவ மன்னிப்பு’ படத்தின் ‘வந்த நாள் முதல்’ பாட்டில் டி.எம். சௌந்தரராஜனின் குரலோடு வரும் சீட்டியை நீக்கிவிட்டு அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள், பாதி உயிர் போய்விடும். உலகம் முழுக்க அறிந்த விசில் காட்சி 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தில் இருக்கிறது. போர்க்கைதிகள் ‘கர்னல் போகி’ அணிநடை மெட்டை விசிலடித்துக்கொண்டு முகாமுக்குள் நுழைவார்கள். படம் பிடித்தது இலங்கையின் கித்துள்கலவில். அந்தக் கைதிகள் போட்ட சயாம் ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் செத்து விழுந்தார்கள். உலகம் கேட்ட அந்த விசிலில் அவர்கள் இல்லை. அவர்களுக்காக ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுத வேண்டியிருந்தது. அந்த மெட்டு எங்கே ஒலித்தாலும் எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது.

பெண்கள் விசிலடிக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் பழைய தடைதான். அதை மீறி ஆலிஸ் ஷா என்ற அமெரிக்கப் பெண்மணி 1880-களில் விசில் கச்சேரிகளால் புகழ் பெற்றார். ஆக்னெஸ் உட்வர்ட் 1909-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் விசிலுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கி, பெண்களை வரிசையாக மேடையில் நிறுத்திச் சேர்ந்திசை செய்ய வைத்தார். பறவைகளின் ஒலியைப் பாடமாக்கி ஒரு பயிற்சி நூலும் எழுதினார். இங்கே இந்தத் தடைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தெருவில் போகும் பெண்ணைப் பார்த்து அடிக்கப்படும் விசில் ஒரு வன்முறை. அதைப் போன்ற சீண்டல்களுக்கு எதிராகத்தான் தமிழ்நாட்டில் 1998-இல் தனிச் சட்டமே வந்தது. அந்தப் பொறுக்கித்தனத்தால் ஒரு நல்ல கலையின் பெயர் கெட்டுப்போனது எனக்குத் தீராத வருத்தம். பெண் பிள்ளைகள் ராகம் ராகமாக விசிலடிக்கத் தொடங்கினால் அந்தக் கறை தானாகவே அழியும்.

சீழ்க்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஊர்களும் உண்டு. கேனரித் தீவுகளில் ஒன்றான லா கோமெராவில் ஆடு மேய்ப்பவர்கள் பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக்கிப் பேசினார்கள். செல்போன் வந்த காலத்தில் அது அழிந்துவிடாமல் இருக்க 1999 முதல் பள்ளிப் பாடமாக்கினார்கள். 2009-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலேயே மேகாலயத்தின் கோங்தோங் கிராமத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் ஒரு தனி மெட்டு கட்டுகிறாள். காட்டில் அந்த மெட்டைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் அழைக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது இதற்குக் குறைந்ததல்ல. யாழைப் பற்றி விபுலானந்த அடிகள் 1947-இல் ஒரு பெருநூலே தந்தார். உதட்டுச் சீழ்க்கைக்கும் சரளி வரிசையில் தொடங்கும் ஒரு சிறிய பயிற்சிப் புத்தகம் தமிழில் வரவேண்டும். இசைக் கல்லூரிகளில் அதைப் பாடமாக வைத்தால் கருவி வாங்கக் காசில்லாத பிள்ளைக்கும் ஒரு வாத்தியம் கிடைக்கும். மாட்டுத் தொட்டியருகே ஒலிக்கும் சீட்டியையும் ஆட்டுப் பட்டியில் ஒலிக்கும் சீழ்க்கையையும் ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அடிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஓரியின் வில்லுக்கு மரியாதையாக வில்வித்தைப் போட்டி வைக்கிறார்கள். அதே மேடையில் அடுத்த ஆண்டு ஒரு சீழ்க்கைப் போட்டியும் வைக்கலாம். மேய்ப்பர்களுக்கு ஒரு பிரிவு, கொல்லிப் பண்ணை உதட்டில் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு பிரிவு, பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் ஒரு பிரிவு. பரிசுத் தொகைக்குச் சேந்தமங்கலத்துக் கடைவீதியில் நானே முதல் ஆளாக நின்று வசூலித்துத் தருகிறேன்.