நகரும் பனியில் ஏறுபவர்களுக்கு

சுந்தரபாண்டியம் வட்டாரத்துக்கு மலையேற்றம் புதிதல்ல. அமாவாசை, பௌர்ணமி என்றால் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரிக்குக் கூட்டம் கிளம்பிவிடும். ஓடைகளில் வெள்ளம் வரும் என்றால் வனத்துறை பாதையை அடைத்துவிடும். இதே விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே 23 அன்று 8,848.86 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அங்கே பாதையை மறிப்பது உறைந்த ஆறு.

ஆண்டாண்டாகக் கொட்டிய பனி, தன் எடையாலேயே அழுந்திக் கட்டியாகி, சரிவில் மெல்ல இறங்குவதுதான் பனியாறு. நேபாளப் பக்கம், 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமைத் தாண்டியதும் கும்பு பனியருவி தொடங்குகிறது. சரிவு செங்குத்தாகும் இந்த இடத்தில் பனியாறு உடைந்து, வீட்டளவு பாளங்களும் ஆழம் தெரியாத பிளவுகளுமாகக் கிடக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு மீட்டர் நகர்வதால், பிளவின் மேல் கிடத்திய அலுமினிய ஏணி சில நாளிலேயே கோணிக்கொள்ளும். ஷெர்பாக்கள் பருவம் முழுக்க ஏணிகளையும் கயிறுகளையும் மாற்றிப் பொருத்துகிறார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று இந்தப் பாதையில் விழுந்த பனிச்சரிவு, நேபாளத் தொழிலாளர்கள் 16 பேரின் உயிரைப் பறித்தது.

வெயில் ஏறினால் பாளங்கள் இளகும். பிளவை மூடியிருக்கும் பனிப்போர்வை ஆளைத் தாங்காது. ஆகவே இருட்டிலேயே கிளம்பி, வெயிலுக்கு முன் கடந்துவிட வேண்டும். இடுப்பு வார் கயிற்றோடு கோத்திருக்க வேண்டும். காலணியில் இரும்பு முட்கள் கொண்ட கிராம்பான் அவசியம்.

அடுத்த எதிரி காற்று. அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் உயர நோயின் முதல் எச்சரிக்கை. சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் துணைக்குத்தான், இறங்குவதற்கு ஈடாகாது.

வழி அடைபட்டால் திரும்பும் பழக்கம் சதுரகிரி போகிறவர்களுக்கு உண்டு. பனிமலையில் வழியை அடைத்துத் திரும்பச் சொல்ல ஆள் இருக்காது. திரும்பும் முடிவை ஏறுகிறவரே, தெளிவு இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.