கர்ப்பிணிக்கு எது நார்மல்?

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நடக்கிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கினால், பாதி சர்க்கரைக் கணக்காகத்தான் இருக்கும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே சுற்றி வருவார்கள். அதில் ஆச்சரியமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. கோவா 26.4, அதற்கு அடுத்து நாம்தான். நாட்டுச் சராசரியோ 11.4.

நான் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை விட்டாலும் தெரு விடவில்லை. ரிப்போர்ட் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, எல்லாம் நார்மல்தானே?" என்று யாராவது வாசலில் நிற்பார்கள். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் நார்மல் அளவு என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கும். நம் எண் அதற்குள் அடங்கிவிட்டால் நிம்மதி. தாண்டினால் தடித்த எழுத்தில் வரும், வீடே கலங்கும். மற்றவர்களுக்கு அது சரி. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு அந்தக் கட்டம் பொருந்தாது. கர்ப்பம் இல்லாத பெரியவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது.

கிரியேட்டினினையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு அது. ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சோர்கிறது என்று பொருள். கட்டத்தில் 0.6 முதல் 1.1 வரை என்று இருக்கும். ஐந்தாம் மாதத்துப் பெண்ணுக்கு 0.9 வந்தால் ரிப்போர்ட் வாயே திறக்காது. ஆனால் நல்ல கர்ப்பத்தில் அந்த எண் 0.5-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். 0.9 என்றால் மருத்துவர் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டிய எண்.

ஏன் இறங்குகிறது? கரு தங்கிய சில வாரங்களிலேயே ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியத் தொடங்கிவிடுகின்றன. உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு போகப்போக 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் அளவும் ஏறக்குறைய பாதி கூடிவிடும். சாதாரண நாளில் சுமார் 170 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் உறுப்பு, இப்போது 250 லிட்டரை வடிகட்டுகிறது. சிறுநீரகம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளமும் ஆகிறது. வேகமாக வடிகட்டுவதால் கழிவு ரத்தத்தில் தங்குவதில்லை. அதனால்தான் கிரியேட்டினின் விழுகிறது.

இவ்வளவு நீர் பாயும்போது திரும்ப உறிஞ்ச வேண்டிய சர்க்கரையில் கொஞ்சம் தப்பித்து சிறுநீரில் போய்விடும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தாலும் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். கர்ப்பிணிகளின் குழாய்கள் அடிக்கடி பச்சைக்கு மாறும். அதை மட்டும் வைத்து அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது.

ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அதை இங்கே நடைமுறைக்கு ஏற்றபடி எளிதாக்கியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. கர்ப்பிணி காலையில் சாப்பிட்டு வந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பது அவர் முறை. 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை நோய். மூன்று தடவை ஊசி குத்தும் வெளிநாட்டு முறைகளை ஒப்பிட்டு, இது போதாது என்கிறவர்களும் உண்டு. ஆனால் முதல் பஸ்ஸைப் பிடித்து கிராமத்திலிருந்து வரும் பெண்ணை மறுபடி வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் அவள் வரவே மாட்டாள் என்பதை லேபில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட கணக்கில், நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாட்டில் கொண்டாடுகிறோம்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் குடியிருக்கும் பிள்ளைகள் பிரசவத்துக்கு இங்கே வருவதுண்டு. அங்கே சர்க்கரையை லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதுவார்கள். ஒரு ரிப்போர்ட்டில் 0.92 என்று இருந்ததைப் பார்த்த மாமியார், "ஒண்ணுகூட இல்லையே, சர்க்கரையே கிடையாது" என்று பூரித்துப்போனார். அது நம் கணக்கில் 92. வெறும் வயிற்றில் 0.92 என்பதுதான் கர்ப்பிணிக்கு பிரான்சு போட்டிருக்கும் எல்லைக் கோடே! கிரியேட்டினினையும் அங்கே வேறு அலகில்தான் போடுவார்கள், நம் 0.5 அங்கே 44.

இதுவரை சொன்னது கர்ப்பத்தில் சர்க்கரை புதிதாக வருகிறவர்களைப் பற்றி. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து, அது சிறுநீரகத்தையும் தொட்டுவிட்ட பெண் கர்ப்பமானால்தான் விஷயம் சிக்கலாகிறது. இருபது வயதுகளிலேயே சர்க்கரை வரும் நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் அல்ல.

விசித்திரம் என்னவென்றால், சர்க்கரை நோயும் ஆரம்பத்தில் சிறுநீரகத்தைப் பெரிதாக்கி, அதிகம் வடிகட்ட வைக்கிறது. கர்ப்பமும் அதையே செய்கிறது. அப்படியானால் நாலு பிள்ளை பெற்ற நம் பாட்டிகளின் சிறுநீரகம் கெட்டிருக்க வேண்டுமே? கெடவில்லை. இந்தக் கேள்விக்கு 1980-களில் எலிகள் பதில் சொல்லின. மியூனிக்-விஸ்டார் என்று ஒரு வகை எலிக்குச் சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே வடிகட்டி முடிச்சுகள் இருக்கும். நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செருகி உள்ளே அழுத்தத்தை அளக்கலாம். கர்ப்பிணி எலிகளில் அப்படி அளந்தவர் கிறிஸ் பேலிஸ். முடிச்சுக்குள் ரத்தம் வரும் குழாயும் வெளியேறும் குழாயும் இரண்டுமே தளர்ந்திருந்தன. அதனால் ஓட்டம் கூடியது, அழுத்தம் கூடவில்லை. பாஸ்டனில் பாரி பிரென்னரின் குழு சர்க்கரை நோய் எலிகளில் பார்த்தபோது, உள்ளே வரும் குழாய் அகலமாகத் திறந்திருந்தது. வெளியேறும் குழாய் அந்த அளவுக்குத் தளரவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூபின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் உள்ளே எப்படி விறைக்குமோ அப்படி. வருடக்கணக்கில் அந்த விறைப்பைத் தாங்கும் முடிச்சு கசிய ஆரம்பிக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் வருகிறது. நம் பெண்கள் இதைத்தான் "யூரின்ல உப்பு இருக்காம்" என்பார்கள்.

வெளியேறும் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. கேப்டோபிரில் என்ற மருந்து சர்க்கரைச் சிறுநீரக நோயில் மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் மூன்றும் சேர்ந்த ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று 1993-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் எனாலப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் எல்லாம் அந்த வழியில் வேலை செய்பவை. இவை எதுவுமே கர்ப்பத்தில் கூடாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகம் வளர்வதற்கு, இந்த மருந்துகள் தடுக்கும் அதே வேதிப்பொருள் வேண்டும். பனிக்குட நீரின் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். மருந்து தொடர்ந்தால் அந்த நீர் வற்றிப்போகலாம். புதிதாக வந்திருக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகையும் கர்ப்பத்தில் ஆகாது. தாயின் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தை, அது மிகவும் தேவைப்படும் மாதங்களிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெதில்டோபா என்று மாற்றுவார்கள். சர்க்கரைக்குப் பெரும்பாலும் இன்சுலின். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பிள்ளை பெற நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

எப்படி முடிகிறது என்பது தொடங்கும்போது சிறுநீரகம் இருந்த நிலையைப் பொறுத்தது. லேசாக ஆல்புமின் மட்டும் கசிந்து, கிரியேட்டினின் சரியாக இருந்தால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் பிரசவத்துக்குப் பிறகும் பழையபடியே இருக்கிறது. ரத்தக் கொதிப்பும் குறைப்பிரசவமும்தான் கவலை. கிரியேட்டினின் 1.4-ஐத் தாண்டிய பிறகு கர்ப்பமானால் கதை வேறு. பலவகைச் சிறுநீரக நோயுள்ள பெண்களின் 82 கர்ப்பங்களை ஆராய்ந்து 1996-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில், 43 சதவீதத்தில் தாயின் சிறுநீரகத் திறன் கர்ப்பத்தால் குறைந்திருந்தது.

எட்டாம் மாதத்தில் ஒரு பெண் கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதத்தோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது கர்ப்பகால ரத்தக்கொதிப்பா, பழைய சர்க்கரைச் சிறுநீரக நோயா? இரண்டுக்கும் முகம் ஒன்று. சிகிச்சை வேறு: முதலாவது என்றால் சில சமயம் உடனே பிள்ளையை எடுக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே புரதமும் கிரியேட்டினினும் பார்த்து எழுதி வைத்திருந்தால் ஒப்பிட ஏதாவது இருக்கும். இல்லாவிட்டால் ராத்திரி டியூட்டி டாக்டர் இருட்டில்தான் துழாவ வேண்டும். சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிக்கு அந்த முதல் ரிப்போர்ட்டைவிட முக்கியமான காகிதம் வேறு இல்லை என்பேன். 2017-இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கணித்த பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். பிரசவத்தை முன்கூட்டியே கொண்டுவரும் ரத்தக்கொதிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தொடங்கியது 11 முதல் 14 வாரத்துக்குள். எட்டாம் மாதத்தில் முதல்முறையாக வருகிறவளுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது.

ஒரு ஆதங்கம் எனக்கு உண்டு. புதிய சிறுநீரக மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அதன் பலன், இந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்தும் எலிகளிலிருந்தும்தான் வருகிறது. மாத்திரை கொடுத்துச் சோதிக்காவிட்டாலும், ரத்தமும் சிறுநீரும் எடுத்து, வாரா வாரம் குறித்து வைத்து, பிரசவத்துக்குப் பிறகும் சில வருடம் பின்தொடரும் ஆய்வுகளுக்கு என்ன தடை? கால்வாசிப் பெரியவர்களுக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில், அதைச் செய்ய நம்மைவிடப் பொருத்தமான இடம் எது?

பிரசவம் முடிந்ததும் எல்லார் கண்ணும் பிள்ளை மேல் போய்விடும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று 2009-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்யச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. பிள்ளையின் தடுப்பூசியும் அதே ஆறாவது வாரம்தான். ஊசி போட்டுக்கொண்டு வரிசையாக வீட்டுக்குப் போகும் அம்மாக்களில் லேப் ஜன்னலுக்கு வருகிறவர்கள் குறைவு. அன்றைக்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சர்க்கரையும் பார்த்துவிடலாம்; ஒரு சிறு பாட்டிலில் சிறுநீர் கொடுத்தால் ஆல்புமினும் தெரிந்துவிடும். தடுப்பூசி அட்டையிலேயே தாய்க்கும் ஒரு வரி அச்சடித்து வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.