பாலைவனத்துக்கு வண்டி கட்டுதல்

ஆஸ்திரேலியாவின் நடுவில், தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம் ஆகிய மூன்றின் எல்லைகளும் கூடும் இடத்தைச் சுற்றி சிம்ப்சன் பாலைவனம் விரிந்து கிடக்கிறது. சுமார் 1,76,500 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்மணல் குன்றுகள் உழவுசால்களைப் போல வரிசையாக ஓடுகின்றன. வங்கங்குரு மக்கள் ‘மிகிரி’ என்னும் கிணறுகளை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் இது. 1936-இல் டெட் கோல்சன் ஒட்டகங்களோடு இதைக் கடந்தார். 1962-இல் நிலவியல் அறிஞர் ரெக் ஸ்ப்ரிக் தம் குடும்பத்துடன் முதன்முதலாக மோட்டார் வண்டியில் கடந்தார். இன்று குளிர்காலம் வந்தால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் அங்குள்ள தடங்களில் அணிவகுக்கின்றன. கோடையின் கடும் வெப்பம் காரணமாக, தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியிலுள்ள பூங்கா டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்பட்டிருக்கும்.

கடப்பவர்கள் எரிபொருள் நிரப்பும் இடங்கள் மேற்கே மவுண்ட் டேர், கிழக்கே பேர்ட்ஸ்வில். இடையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு எரிபொருளும் கிடையாது, கடையும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. வேண்டியதெல்லாம் வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் ஏற்றுகிற ஒவ்வொரு பொருளும் வண்டியை மணலில் அழுத்துகிறது. ஆகவே நெடும்பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்பது முதலில் எடைக்கணக்கு. கருவிகள் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்த உச்ச எடையை உற்பத்தியாளர் குறித்திருப்பார். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மீதமிருப்பதே ஏற்றக்கூடிய சுமை. நான்கு கதவு பிக்கப் வண்டிகளில் அது பெரும்பாலும் ஒரு டன்னையொட்டி இருக்கும். கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். எண்ணத் தொடங்கினால் கரையும். நான்கு பெரியவர்கள் ஏறினாலே 300 கிலோ. முன்பக்க இரும்புத் தடுப்பு 60, வின்ச் 30, பின்பக்க இழுப்பறைகள் 60, கூரைக் கூடாரம் 60, கூடுதல் டீசல் 80 லிட்டருக்கு 67, தண்ணீர் 60 லிட்டருக்கு 60 என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 600 கிலோ தாண்டிவிடுகிறது. உணவு, ஃபிரிட்ஜ், இரண்டாவது ஸ்டெப்னி, கருவிகள் எல்லாம் இனிமேல்தான். அளவை மீறிய வண்டி அலையலையாகக் கிடக்கும் மண்சாலையில் குலுங்கிக் குலுங்கிச் சேசிஸே வளைந்துபோவதும் உண்டு. எல்லாவற்றையும் ஏற்றிய வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீரும் பேட்டரியும் கருவிப்பெட்டியும் தாழ்வாக, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருக்க வேண்டும். கூரை தாங்கும் அளவு பல வண்டிகளில் 100 கிலோவை ஒட்டியே இருக்கிறது. மேலே பாரம் ஏறினால் குன்றின் சரிவில் வண்டி பக்கவாட்டில் கவிழும் ஆபத்தும் ஏறும். சுமை முடிவான பிறகுதான் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரத்துக்காக மட்டும் மாற்றினால், வெறும் வண்டி துள்ளும் அல்லது பாரவண்டி படுத்துவிடும்.

மணலில் வண்டியை நகர்த்துவது எஞ்சினின் பலத்தைக் காட்டிலும் டயரின் காற்றுதான். தார்ச்சாலையில் 35 முதல் 40 பிஎஸ்ஐ வரை இருக்கும் அழுத்தத்தை, குன்றுப்பகுதியில் 16 முதல் 18 வரை இறக்குவது வழக்கம். அப்போது டயர் தரையில் நீளவாக்கில் படிந்து பாரத்தைப் பரப்பிக்கொள்கிறது. காற்று இறக்காத வண்டி சக்கரம் சுழற்றிக் குழி பறிக்கும். பின்னால் வருகிற அத்தனை பேரும் அந்தக் குழியில் துள்ள வேண்டியிருக்கும். காற்று குறைந்த டயரில் வேகமாகப் போவதும் சடாரென்று திருப்புவதும் கூடாது. கெட்டித் தரை வந்ததும் மறுபடி காற்றடிக்க கம்ப்ரஸர் வேண்டும்; பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கூடவே இருக்க வேண்டும். குன்றுகளின் கிழக்குச் சரிவு செங்குத்தானது. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போவது எளிது.

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி, மணலில் 18 அல்லது 20 லிட்டர் கேட்கலாம். அந்தக் கணக்கில் கடப்பதற்கே 100 லிட்டர். வழி அடைபட்டுத் திரும்ப நேர்ந்தால் அதற்குத் தனியாக வேண்டும். கூரையில் கேன்களை அடுக்குவதைவிட, வண்டியின் அடியில் பெரிய டேங்க் பொருத்துவது பாரத்தைத் தாழ்த்தி வைக்கும். தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டராவது வேண்டும். சில நாள் கையிருப்பும் தேவை. ஒரே கலத்தில் வைத்தால் ஓர் ஓட்டை எல்லாவற்றையும் காலி செய்துவிடும். பல கேன்களில் பிரித்து வைப்பதே பாதுகாப்பு.

முகாமில் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓட இரண்டாவது பேட்டரி வேண்டும். அது தனியாக இருந்தால், இரவில் மின்சாரம் தீர்ந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 30 கிலோவை நெருங்கும். அதிலும் பாதியளவு பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது. அதே அளவு லித்தியம் பேட்டரியின் எடை அதில் பாதிக்கும் குறைவு, விலைதான் கூடுதல். பகலில் ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு சோலார் தகடு கைகொடுக்கும்.

சிக்கிய வண்டியை மீட்க முதலில் வேண்டியது மண்வெட்டியும், சக்கரத்தடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைகளும். இன்னொரு வண்டி இழுக்கும்போது நீண்டு சுருங்கும் நைலான் பட்டை உதவும். அதை இழுவைக்கென்றே திறன் குறித்துப் பொருத்திய கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் மாட்டி, அது பிய்ந்து பறந்து உயிரைக் குடித்த விபத்துகள் உண்டு. ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல்லின் காய்ந்த தாளும் விதையும் வண்டியின் அடியில் சேர்ந்து, சைலன்ஸர் சூட்டில் தீப்பற்றுவதும் நடக்கிறது. நாள்தோறும் குனிந்து பார்த்து அகற்றுவதும், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வைப்பதும் தவிர்க்கக் கூடாதவை.

குன்றின் மறுபக்கம் எதிரே வருவது தெரியாது. அதனால் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துக்குக் கொடி கட்டி, யுஎச்எஃப் வானொலியில் 10-ஆம் அலைவரிசையைக் கேட்டபடியே ஓட்டுகிறார்கள். கைப்பேசி அலை எட்டாத இடம் என்பதால் சாட்டிலைட் போனோ, அவசர அழைப்புக் கருவியோ ஒன்றாவது வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின், ஊருக்கு அருகே இரண்டு இரவு தங்கும் ஒரு வெள்ளோட்டம் நல்லது. எந்த போல்ட் தளர்கிறது, எந்தப் பெட்டி கைக்கு எட்டவில்லை என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். திரும்பி வந்ததும், திறக்கவே படாத சாமான்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மருந்துப்பெட்டி, தீயணைப்பான், மீட்புக் கருவிகள், அவசரத் தொடர்புக் கருவி ஆகியவை மட்டும் பயன்படாமல் போனாலும் வண்டிக்குத் திரும்ப வேண்டியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே தங்கலாம்.