முட்டி வலிக்கு வயது மட்டுமா காரணம்?

முட்டி வலிக்கிறது என்றால் நம் ஊரில் பதில் தயாராக இருக்கிறது: "வயசாயிருச்சுல்ல!" தேனி மாவட்டத்தில் அந்தப் பதில் போதாது. கம்பம், கூடலூர், போடி பக்கத்துப் பெண்கள் பலர் விடிவதற்குள் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்க, மலைச்சரிவில் குனிந்தும் குத்தவைத்தும் செடிக்குச் செடி நகர வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ தலைக்கு மேலே பந்தலில் தொங்குகிறது. அங்கே பாடுபடுவது கழுத்தும் தோளும். எந்த மூட்டு நோகும் என்பதில் வேலைக்கும் பங்கு உண்டு.

முட்டிக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் தேய்ந்தது எளிதில் வளராது. தேயத் தொடங்கும்போது வலியும் தெரியாது. அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றிய சவ்வும் பாதிக்கப்படும்போதுதான் உறைக்கிறது. 'குத்தவைக்காத கடைக்காரருக்கும்தானே வலிக்கிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடல் எடையும் பெரிய காரணம்தான். சுமார் 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு முட்டித் தேய்மான வலி வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததாக அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1992இல் காட்டியது. ஆனால் ஃப்ரேமிங்ஹாம் பெண்களைவிட ஒல்லியான பெய்ஜிங் மூதாட்டிகளுக்கு முட்டித் தேய்மானம் கூடுதலாக இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வு கண்டது. இளவயதில் நெடுநேரம் குத்தவைத்ததற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதும் தெரிந்தது. எடை ஒரு காரணம், வேலை இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு கூடும்.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் அல்ல. கால் திருகி விழுந்தால் ஜவ்வு கிழியலாம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பும், விரல் மூட்டுகளில் வீக்கமும் இருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலியை விட்டுச் சென்றது. காய்ச்சலோடு முட்டி சிவந்து, வீங்கி, சுட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்துவிட்டது, இனி நடக்கக் கூடாது' என்பதும் சரியல்ல. படத்தில் தேய்மானம் உள்ள பலருக்கு வலியே இருப்பதில்லை. படுத்தே கிடந்தால் முட்டியைத் தாங்கும் தொடைத் தசை இளைத்து வலி கூடும். அந்தத் தசைக்கான பயிற்சியே சிகிச்சையின் முதல் படி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். தேனி மாவட்டம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் வேறு எங்கே போனாலும், வயதைச் சொல்வதோடு நிறுத்தாமல் என்ன வேலை, எத்தனை வருடம், எப்படி உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.