பரமக்குடி கொல்லையில் முதல் விதை

வைகைக் கரையில் இருந்தும் பரமக்குடி ஆண்டின் பெரும்பகுதி வறண்ட ஊர்தான். வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிய நம்பிக்கை. வீட்டுக் கொல்லையில் முதன்முதலாகக் காய்கறி போடுபவர்கள் ஆடிப்பட்டத்திலோ, புரட்டாசி மழையை ஒட்டியோ தொடங்கலாம். சித்திரை வெயிலில் தொடங்கினால் ஆர்வமும் சேர்ந்தே கருகும்.

முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் பீன்ஸ் வேண்டாம். அது உப்பைத் தாங்காது. மழைநீரைப் பிடித்து வைப்பதும், அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும் இங்கே அவசியம்.

இந்த மண்ணுக்கென்றே ஒரு செடி உண்டு: குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு என்ற இந்த மிளகாய், பெரும்பாலும் மானாவாரிக் கரிசலில் நேரடியாக விதைத்தே வளர்க்கப்படுகிறது. கொல்லையில் நாலு செடி இருந்தாலும் குழம்புக்குத் துணை.

ஆனால் புதியவருக்கு முதல் வெற்றி தருவது கீரைதான். அரைக்கீரை விதை பொடிப்பொடியாக இருக்கும். மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. ஒரு மாதத்துக்குள் கிள்ளலாம். வெண்டையை இரவே ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும், சுமார் 45 நாளில் காய்க்கும். கத்தரிக்கு மட்டும் நாற்று விட்டு, ஒரு மாதம் கழித்துப் பறித்து நட வேண்டும்.

எந்தச் செடிக்கும் மக்கிய தொழுவுரமும், வேரடியில் காய்ந்த சருகு மூடாக்கும் இடுங்கள். அசுவினிப் பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளிக்கலாம்.