பட்டறை மூடியிருந்தபோது பங்குச் சந்தை ஏறியது ஏன்?

மாட்டுங்காவில் உள்ள எங்கள் கிளைக்குத் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தமிழ் வாடிக்கையாளர்கள் பலர் வருகின்றனர். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்போர், இட்லி அவித்து விற்போர், மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வூதியம் பெறுவோர் என எல்லாத் தரப்பினரும் அவர்களுள் உண்டு.

2021 பிப்ரவரியில் ஒரு நாள், நாங்கள் 'அண்ணாச்சி' என்றழைக்கும் தாராவிப் பட்டறைக்காரர் ஒருவர், 3 லட்சம் ரூபாய்க்கான வைப்பு ரசீதுடன் என் மேசை முன் அமர்ந்தார். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த தொகை அது. முதிர்வுக்கு முன்பே அதை முடித்துத் தரவேண்டும் என்றார்.

"சார், பத்து மாசமா பட்டறை பாதிதான் ஓடுது. ஊருக்குப் போன ஆளுங்க திரும்பி வரல. சென்செக்ஸ் மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டிட்டுன்னு டிவியில சொல்றாங்க. நோய் நமக்குத்தானா, சந்தைக்கு இல்லையா? பேசாம இந்தப் பணத்தையும் அங்கேயே போட்டுரலாம்னு இருக்கேன்."

அவர் பேச்சில் இரண்டு வினாக்கள் இருந்தன. சந்தை ஏன் ஏறியது? அங்கே இந்தப் பணம் போகலாமா? வாடிக்கையாளர்கள் பலரும் இவ்விரண்டையும் கேட்பதால், அன்று அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

2020 ஜனவரியில் சென்செக்ஸ் 42,000 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதத்துக்கும் மேல் சரிந்து 25,981இல் முடிந்தது. மறுநாள் மாலை நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டை விடச் சுமார் 24 சதவீதம் சுருங்கியது. ஆயினும் நவம்பரிலேயே சென்செக்ஸ் பழைய உச்சத்தைக் கடந்தது. 2021 ஜனவரி 21இல் 50,000 புள்ளிகளைத் தொட்டது.

குறியீட்டெண் யாரை அளக்கிறது?

சென்செக்ஸ் 30 பெரிய நிறுவனங்களின் பங்கு மதிப்பை மட்டுமே அளக்கிறது. மென்பொருள், மருந்து, தொலைத்தொடர்பு, அன்றாட நுகர்பொருள், பெரிய வங்கிகள் ஆகியவை அதில் உள்ளன. வீட்டிலிருந்து வேலை செய்வது வழக்கமானபோது மென்பொருளுக்கும் தொலைத்தொடர்புக்கும் தேவை கூடியது. தாராவியின் தோல் பட்டறையும் மண்பாண்டச் சூளையும் 90 அடிச் சாலைத் தள்ளுவண்டியும் எந்தக் குறியீட்டெண்ணிலும் இல்லை. அவை மூடினாலும் சென்செக்ஸ் ஒரு புள்ளிகூட அசையாது.

2020 செப்டம்பர் காலாண்டில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பலவற்றின் விற்பனை குறைந்தபோதும் லாபம் உயர்ந்தது. பயணம், விளம்பரம், சம்பளம் முதலிய செலவுகளைக் குறைத்ததே முக்கியக் காரணம். ஒருவர் வீட்டில் குறைந்த வருமானம், இன்னொருவர் கணக்கேட்டில் லாபமாக எழுதப்படுவதும் உண்டு.

இன்றைய விலை, நாளைய லாபம்

பங்கின் விலை என்பது அந்நிறுவனம் இனிவரும் பல ஆண்டுகளில் ஈட்டக்கூடிய லாபத்துக்கு இன்று தரப்படும் விலை. இருபது ஆண்டுகள் லாபம் தரக்கூடிய ஒரு தொழில் ஓர் ஆண்டு லாபத்தை இழந்தால், இருபதில் ஒரு பங்குதான் போகிறது. நோய் என்றேனும் தணியும் என்று நம்பியவர்கள் அந்தக் கணக்கைப் போட்டே வாங்கினர். ஆனால் இக்கணக்கு, ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்கும் வலிமை உள்ளவருக்கே பொருந்தும். பெரிய நிறுவனம் கடன் பத்திரம் வெளியிடும், புதிய பங்குகளை விற்கும். பட்டறைக்கு இந்த மாத வாடகையை இந்த மாதமே கொடுத்தாக வேண்டும்.

வட்டி குறைந்தால் விலை ஏறும்

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27இல் ரெப்போ விகிதத்தை 5.15 சதவீதத்திலிருந்து 4.40ஆகவும், மே 22இல் 4 சதவீதமாகவும் குறைத்தது. ஆண்டுதோறும் 10 ரூபாய் தரும் சொத்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். வட்டி 8 சதவீதமாக இருந்தால், அதே 10 ரூபாயைப் பெற வங்கியில் 125 ரூபாய் போட வேண்டும். வட்டி 5 சதவீதமானால் 200 ரூபாய் போட வேண்டும். ஆகவே அந்தச் சொத்தின் விலையும் 200ஐ நோக்கி நகரும். லாபம் ஒரு ரூபாய்கூடக் கூடாமலே விலை ஏறுவது இவ்வாறுதான். வட்டி திரும்ப உயர்ந்தால் இதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும்.

வந்து சேர்ந்த பணம்

அமெரிக்க மத்திய வங்கி 2020 மார்ச் 15இல் வட்டியை ஏறத்தாழப் பூஜ்யமாக்கியது. மார்ச்சில் இந்தியப் பங்குகளிலிருந்து சுமார் 62,000 கோடி ரூபாயை எடுத்துச் சென்ற வெளிநாட்டு முதலீட்டாளர்கள், 2020-21 நிதியாண்டில் 2.7 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுவந்தனர். உள்நாட்டிலும் வீட்டில் அடைபட்டிருந்த இளைஞர்கள் சந்தைக்குள் நுழைந்தனர். ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் ஓராண்டில் 5.5 கோடியாயின.

அண்ணாச்சியின் 3 லட்சம்

இத்தனையும் கேட்டபின் அவர், "அப்ப ஏறத்தானே சார் செய்யும்?" என்றார்.

2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 8,000க்குக் கீழே இறங்கியதை நினைவூட்டினேன். பழைய உயரத்தை எட்ட அதற்கு 2010 நவம்பர் வரை ஆயிற்று. சந்தை மீண்டது உண்மை. ஆனால் கல்லூரிக் கட்டணம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருக்குமா?

வைப்பு வட்டி விலைவாசி உயர்வுக்கு ஈடாகவில்லை என்ற குறை நியாயமானது. 2020-21இல் சில்லறைப் பணவீக்கம் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டியது. ஆகவே பங்குகளையே தொடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதக் குடும்பச் செலவும், மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் தொகையும் வைப்பில் இருக்கட்டும். ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும், பரஸ்பர நிதியில் மாதத் தவணையாகச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். கடன் வாங்கிப் பங்கு வாங்க வேண்டாம்.

அண்ணாச்சி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தது. பட்டறை மீண்டும் மூடப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் வீட்டுச் செலவுக்காக, அந்த வைப்பின் பேரில் 40,000 ரூபாய் கடன் பெற்றார். வைப்பை உடைக்கவில்லை.

சென்ற வாரம் கல்லூரிக் கட்டணத்துக்காக வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: "அன்னிக்குப் போட்டிருந்தா கொஞ்சம் ஏறியிருக்கும்லா சார்?"

"இன்றுவரை வைத்திருக்க முடிந்திருந்தால் ஏறியிருக்கும், அண்ணாச்சி. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் சென்செக்ஸ் 49,000க்கு அருகில் இருந்தது. அன்றைக்கு உங்களுக்குப் பணம் வேண்டியிருந்தது" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் கட்டணச் சீட்டில் கையெழுத்திட்டார்.